ஏழாம் நம்பர் குளிர்

போன வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மக்கர் செய்தது. விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, உள்ளே கை வைத்தால் மட்டும் துணி அலமாரிக்குள் கை விட்ட மாதிரி இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் என்ன செய்வோம்? முதலில் அதன் தலையில் ஒரு தட்டு தட்டுவோம். தட்டினேன். அப்புறம் உள்ளே குளிரைக் கூட்டுகிற திருகை ஏற்றி வைத்தேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு, பிள்ளைகளிடம் சொல்லாமல் காந்திபுரத்துக் கடை ஒன்றுக்குப் போன் போட்டேன். வந்த மெக்கானிக் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியை முன்னால் இழுத்துவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"செவுத்தோட ஒட்டி வெச்சுப்போட்டு, இந்த இடுக்குல சாக்குப் பையெல்லாம் வேற சொருகி வெச்சிருக்கீங்க. பின்னாடி சூடு வெளிய போனாத்தானுங்க முன்னாடி குளுரு வரும்" என்றார். கறுப்புக் கம்பிகளில் அடையாகப் படிந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் தள்ளினார். கால் மணி நேர வேலை.

அவர் போன பிறகும் நான் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக எனக்குப் பாதி மட்டுமே விளங்கியிருந்த ஒரு சங்கதி அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. உங்களிடம் சொல்லலாம். நீங்களும் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பிறந்து, அது வாசலில் வந்து இறங்கிய நாளைப் பார்த்தவர்கள்தானே.

இன்றைக்குக் கண்ணாடிக் கட்டடங்களும் கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகளுமாக இருக்கிற சரவணம்பட்டியில், அப்போது சோளக்காட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஐந்து வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. மூன்றாவது வீடு எங்களுடையது. அப்பா பம்பு செட் கம்பெனியில் ஃபிட்டர். ஓடுகிற எதையும் காதால் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார். நம் கோயம்புத்தூர் ஆண்பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? வீட்டுக்குள் மெக்கானிக்கை விடுவது அவர்களுக்கு மானக்கேடு. எங்கள் வீட்டில் மிக்ஸி, சைக்கிள், தையல் மிஷின், சுவர்க் கடிகாரம் எல்லாமே அப்பாவின் கைப்பட்டுப் பிழைத்தவை. ஒன்றிரண்டு அப்படியே போய்ச் சேர்ந்தும் இருக்கின்றன. அதை நாங்கள் வெளியில் சொல்வதில்லை.

அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. அவளுக்குப் பதினோரு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூட இது வருமா என்று ஊரே வந்து விசாரித்துவிட்டுப் போனது. தினமும் காலையில் ஊசி. ஊசி மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கவேண்டும் என்றார்கள். ஆரம்பத்தில் மண்பானைத் தண்ணீருக்குள் ஒரு டம்ளரை இறக்கி, அதற்குள் மருந்துப் புட்டியை வைத்திருந்தோம். சித்திரை வெயிலில் அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. ஊரை விட்டுப் போகிற மில் அதிகாரி ஒருவர் வீட்டிலிருந்து வெளிர் பச்சையில் ஒரு பழைய ஃபிரிட்ஜை வாங்கி மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார். வரிசையில் அதுதான் முதல் ஃபிரிட்ஜ். கதவில் முட்டை வைக்கும் குழிகளுக்கு மேலே, மூடி போட்ட ஒரு சின்ன அறை அக்காவின் மருந்துக்கு ஒதுக்கப்பட்டது. மற்ற இடமெல்லாம் ஊருக்கு. பக்கத்து வீட்டு அத்தையின் இட்லி மாவுக்கு ஒரு தட்டு, அவர் பூஜைக்கு வாங்கும் மல்லிகைக்கு ஒரு மூலை என்று ஆளுக்கொரு பாத்தியதை வைத்திருந்தார்கள்.

காலையில் இன்னொரு வேலையும் உண்டு. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அக்காவின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்போம். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் அம்மாவின் முகம் மாறும். செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை தலைக்கு மேல் ஏறிவிட்டது என்று பொருள். கிடுக்கியில் குழாயைப் பிடிப்பது நான். அந்த விளக்கின் வாசனையும், குழாய்க்குள் நிறம் மெதுவாகத் திரும்பும்போது எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு நின்றுபோவதும் இன்னும் எனக்குள் இருக்கிறது. இப்போது விரல் நுனியில் ஒரு குத்து, அஞ்சு விநாடியில் எண் வந்துவிடுகிறது. அந்தக் குழாய் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அக்கா தின்னக்கூடாத எதையும் நானும் தின்னக்கூடாது. அவள் ஏங்கிப்போய்விடுவாள் என்று அம்மா போட்ட சட்டம். இரண்டு வருஷம் நான் அதை மீறவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் காயவே இல்லை. ஈரப் பாவாடையோடு போய் இருமலோடு திரும்பினேன். ஒருநாள் அப்பா ஃபிரிட்ஜின் பின்பக்கக் கம்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் பாவாடையை வாங்கி அதன்மேல் போட்டார். காலையில் இஸ்திரி போட்ட மாதிரி காய்ந்திருந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"சும்மா காத்துல போற சூடுங்க. அதையும் வேலை வாங்கறோம்" என்று வரிசை வீட்டு ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். கம்பெனியில்கூடச் சொல்லிவிட்டு வந்தார். பாவாடைக்குப் பின்னால் துண்டு வந்தது, துண்டுக்குப் பின்னால் அப்பாவின் காக்கிச் சட்டை, அதற்கும் மேலே போர்வை. ஃபிரிட்ஜின் முதுகு முழுக்க ஈரத்துணி. இப்போது உங்களுக்குச் சட்டென்று புரிகிறது இல்லையா? எங்களுக்கு ஒருவருக்கும் புரியவில்லை.

ஒரு வாரத்தில் பால் திரிந்தது. அடுத்த நாள் தயிர் புளித்து நுரை கட்டியது. அத்தையின் மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. அம்மா முதலில் பார்த்தது மருந்துப் புட்டியைத்தான். அதைக் கையில் எடுத்தவள், "ஏனுங்க, இது குளுந்தே இல்லீங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு நான் வாய்ப்பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

அப்பா சாயங்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்தார், கரண்ட் சரியாக இருந்தது. என் ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கதவு ரப்பரில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். ஓரிடத்தில் தாள் சுலபமாக வந்தது. வெந்நீரில் துணியை நனைத்து ரப்பருக்கு ஒத்தடம் கொடுத்து நிமிர்த்தினார். பின்னால் போய்த் துணிகளுக்கு நடுவே கையை விட்டு, "கம்பி கொதிக்குது, கேஸ் நல்லாத்தான் இருக்குது" என்று திருப்தியோடு வெளியே வந்தார். கையை எடுத்ததும் போர்வையை மறுபடி இழுத்து ஒழுங்காகப் போட்டதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கடைசியில் அவர் கண்டுபிடித்த காரணம் ஊர்க்காரர்களின் பாத்திரங்கள். ஆளாளுக்குக் கதவைத் திறந்தால் குளிர் எப்படி நிற்கும் என்றார். அத்தை மாவு எடுக்க வந்தபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னாள். மாவுப் பாத்திரத்தையும் மல்லிகைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போன அத்தை, அதன்பிறகு எங்கள் வாசலைப் பார்க்காமல் நடந்தார்.

அப்படியும் குளிரவில்லை. அப்பா திருகைக் கடைசி எண்ணான ஏழில் கொண்டுபோய் நிறுத்தினார். கதவிலிருந்த மருந்துப் புட்டியை எடுத்து, மேலே ஐஸ் பெட்டிக்குள்ளேயே வைத்தார். இருக்கிற குளிர் முழுக்க அங்கேதான் பிறக்கிறது, வேறெங்கே வைத்தாலும் மருந்துக்குக் குறைச்சல்தான் என்று அம்மாவிடம் விளக்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே பத்திரமான இடத்தை அவர் பிள்ளைக்குக் கொடுத்தார்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு மழை விட்டது. பள்ளிக்கூடமும் லீவு விட்டார்கள். அம்மா துணியெல்லாம் எடுத்து வெளியே கொடியில் போட்டாள். மறுநாளே ஃபிரிட்ஜுக்குள் கை வைக்க முடியவில்லை. ஐஸ் பெட்டியில் வெள்ளையாக விரல் கனத்துக்கு ஐஸ் ஏறியது. ரப்பருக்குக் கொடுத்த ஒத்தடம் வேலை செய்துவிட்டது என்று அப்பா இரண்டு நாள் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தார். திருகு மட்டும் ஏழிலேயே இருந்தது.

காலையில் அம்மா புட்டியைப் பெயர்த்தெடுக்கவேண்டியிருந்தது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நெடுநேரம் உருட்டுவாள். பாலைப் போல் கலங்கலான மருந்து அது. எப்போதும் உருட்டித்தான் போடவேண்டும் என்பதால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நல்ல ஜில்லென்று இருக்கிறது என்று சந்தோஷம் வேறு. கட்டியான மருந்து அவள் கைச்சூட்டில் இளகியது, அக்காவின் தொடையில் ஏறியது.

தீபாவளிக்கு முந்தின நாள் குழாய் மஞ்சளானது. தீபாவளியன்று செங்கல் நிறம்.

இனிப்பே செய்யவேண்டாம் என்றுதான் அம்மா சொல்லிப் பார்த்தாள். ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்தால் என்னத்தைக் கொடுப்பது என்று அப்பா கேட்க, ஒரு தகர டப்பா நிறையக் கச்சாயம் சுட்டாள். அரிசி மாவும் வெல்லப்பாகும் சேர்த்துப் பிசைந்து எண்ணெயில் போட்டு எடுக்கும் அந்த வாசனை உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தீபாவளியன்று மத்தியானம் அம்மா அசந்து தூங்கினாள். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் டப்பாவைத் திறந்தேன். ஒன்று என்றுதான் நினைத்தேன். ஆறு தின்றேன். நின்றுகொண்டே, மெல்லக்கூட நேரம் எடுக்காமல் தின்றேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெளியே ஓடி, வெடிக்கிற பிள்ளைகளோடு நின்றுகொண்டேன்.

மறுநாள் காலையிலும் குழாய் செங்கல் நிறம். அப்பா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, அடுத்த நாள் முதல் பஸ்ஸிலேயே அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னார். அதற்குள் அம்மா கச்சாய டப்பாவைத் திறந்து, குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

அப்பா அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். இல்லை என்றாள். மத்தியானம் மறுபடி கேட்டார். சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திக் கேட்டார். அவள் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். நடுநடுவே எழுந்து போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். குற்றம் செய்தவளுக்குத்தான் தொண்டை காயும் என்று அப்பா அதையும் சாட்சியில் சேர்த்துக்கொண்டார்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் அதே அறையில்தான் இருந்தேன். நான் தின்றேன் என்று சொல்லியிருந்தால் அம்மா இரண்டு வைதிருப்பாள், அவ்வளவுதான். சர்க்கரை வியாதி இல்லாதவள் கச்சாயம் தின்றால் உலகம் முழுகிவிடாது. ஆனால் சட்டத்தை மீறியவள் நான். அக்காவுக்குத் துரோகம் செய்தவள் என்று அம்மா நினைப்பாளே என்பதுதான் என் பயம். ஒன்பது வயதுப் புத்திக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா எழுந்து அப்பாவிடம் போனாள்.

"ஆமாங்ப்பா. நாந்தான் தின்னுபோட்டேன்."

அப்பா அடிக்கவில்லை. பெரிய பாரம் இறங்கியவர் மாதிரி மூச்சு விட்டார். காரணம் கிடைத்துவிட்டது அல்லவா? டப்பாவிலிருந்த அத்தனையையும் அள்ளிக் குப்பையில் கொட்டினார். நாலு நாள் வாயைக் கட்டினால் தானாக இறங்கிவிடும், இதைப் போய் டாக்டரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வானேன் என்றார். முதல் பஸ்ஸுக்கு யாரும் போகவில்லை.

இரண்டு நாள் அக்காவுக்கு அரை வயிற்றுக் கேழ்வரகுக் களிதான். அதையும் அவள் முடிக்கவில்லை. ஊசி மட்டும் தவறாமல் போட்டாள் அம்மா. மூன்றாம் நாள் காலையில் அக்கா வாந்தி எடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் போனால் அவள் மூச்சில் அழுகின வாழைப்பழத்தின் வாசம் அடித்தது. மைல் கணக்கில் ஓடி வந்தவள்போல நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் கண் மூடியிருந்தது. அம்மா அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிட அம்மாவின் குரல் உயர்ந்துகொண்டே போனது.

சத்தம் கேட்டு முதலில் வந்தது பக்கத்து வீட்டு அத்தை. மூன்று வாரமாக எங்கள் வாசலைப் பார்க்காதவர், செருப்புக்கூடப் போடாமல் உள்ளே வந்து அக்காவின் இமையை விலக்கிப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் ஈரோடு சந்தைக்குத் துணி மூட்டை ஏற்றிக்கொண்டு வேனில் கிளம்பிக்கொண்டிருந்தார். அத்தை வேனுக்குக் குறுக்கே போய் நின்றார். ஈரோடு பிறகு போகலாம், முதலில் ஆஸ்பத்திரிக்கு விடுங்கள் என்றார். அக்காவை மூட்டைகள்மேல் படுக்கவைத்தோம். அப்பா அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். அம்மா ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்து, மருந்துப் புட்டியை ஐஸ் கட்டிகளோடு ஃபிளாஸ்க்கில் போட்டு எடுத்து வந்தாள். வழியில் கெட்டுப்போய்விடக்கூடாது என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் டாக்டர் வேகமாக வெளியே வந்தார். அப்பா அவர் கேட்பதற்கு முன்பே, பிள்ளை திருட்டுத்தனமாக இனிப்பு தின்றுவிட்டது என்று தொடங்கினார். டாக்டர் அதைக் காதில் வாங்காமல் மருந்துப் புட்டியைக் கேட்டார். அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து கொடுத்தாள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியின் உட்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதை எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

"ஐஸ் பெட்டிக்குள்ளதானுங்க. துளிகூடச் சூடு படாமப் பாத்துக்கிட்டோமுங்க" என்றார் அப்பா. அந்த நிமிஷம்வரை அவருக்கு அதில் பெருமை இருந்தது.

"உறைஞ்சா இந்த மருந்து செத்துப்போயிருங்க. இத்தனை நாளா மருந்துன்னு நெனச்சு வெறும் தண்ணியத்தான் குத்தியிருக்கீங்க."

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் திரும்பி உள்ளே போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா பிழைப்பாளா என்று அத்தைதான் உள்ளே போய்க் கேட்டார். இன்றைக்குப் பொழுது தாண்டட்டும் என்றார்களாம்.

தாண்டியது. மறுநாள் மத்தியானம் அவள் கண் விழித்தாள். உதடு வெடித்திருந்தது. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு மோட்டாரைக் கழற்றிப்போட்டால் கடைசித் திருகாணிவரை பூட்டாமல் எழுந்திருக்காதவர் அவர். அந்தக் கேள்வியையும் கேட்காமல் விடமுடியவில்லை.

"திங்காமயே எதுக்கு கண்ணு தின்னேன்னு சொன்னே?"

அக்கா வெடித்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு சொன்னாள். "நீங்க நம்பற மாதிரி வேற பதிலு எங்கிட்ட இல்லீங்ப்பா."

அப்பா அவள் கையிலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தவர் கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அப்படியென்றால் டப்பா எப்படிக் குறைந்தது என்று அவர் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆக்சா பிளேடை எடுத்து ஃபிரிட்ஜின் திருகிலிருந்த ஏழு என்ற எண்ணைச் சுரண்டி எடுத்தார். உள்ளே ஒரு தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டார். அத்தையின் வீட்டுக்குத் தானே போய் மாவுப் பாத்திரத்தை வாங்கி வந்து பழைய தட்டிலேயே வைத்தார். ஆனால் அடுத்த மழைக்குப் போர்வையை மறுபடி பின்னால் போட்டார். அது ஒன்று மட்டும் கடைசிவரை அவருக்குத் தெரியாமலே போயிற்று. கச்சாயத்தைப் பற்றி அவர் சாகிறவரை பேச்செடுக்கவில்லை. தான் புட்டியை வைத்த இடத்தை நினைத்து நொந்து கிடந்தவர், ஒன்பது வயதுக்காரியையும் அதில் சேர்த்து நோகடிப்பானேன் என்று விட்டிருப்பார். நல்லெண்ணம்தான். அன்றைக்கு என்னை ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

அக்கா ஈரோட்டில் இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், இப்போதும் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாள். மெக்கானிக் வந்துவிட்டுப் போன அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். ஈரத்துணி, பின்பக்கக் கம்பி, ஏழாம் நம்பர் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அப்பாவைப் போல யாரால் முடியும் என்றாள். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில்தான் மீதியையும் சொன்னேன். கச்சாயம் தின்றது நான், ஆறு தின்றேன் என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஆனால் கோபம் இல்லை.

"தெரியும் அம்மணி. நீ டப்பாவத் தொறக்கறப்ப நான் தூங்கல. மறுநாளு அப்பா கேக்கறப்பெல்லாம் உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், சொல்லீருவீன்னு. பொழுது சாயற வரைக்கும் பாத்தேன். அப்புறந்தான் நான் போய்ச் சொன்னேன்."